மார்ச் வரை செல்லும் குழந்தையின் பாஸ்போர்ட்டை வைத்து டிசம்பரில் சிங்கப்பூர் போகலாமா?

முடியாதுங்க, புதுப்பித்துவிடுங்கள். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு குறைந்தது 6 மாத ஆயுள் பாக்கி இருக்க வேண்டும். நமக்கு 10 வருடம், குழந்தைகளுக்கு 5 வருடம்தான் என்பதால் பல பெற்றோருக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரிகிறது.

பாஸ்போர்ட் சேவா தளத்தில் ‘ரீ-இஷ்யூ’ (பழையதற்குப் பதில் புதியது) என்று விண்ணப்பியுங்கள். கட்டணம் 1,000 ரூபாய். நீங்கள் கடலூர்ப் பக்கம் என்றால், கடலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. தேதி கிடைக்காவிட்டால் புதுச்சேரியையும் பாருங்கள்.

பழைய பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவரின் பாஸ்போர்ட் எல்லாம் அசலாக வேண்டும். ‘அனெக்சர் டி’ என்ற பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட வேண்டும். நம் பக்கத்தில் அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகள் நிறைய. அப்படியானால் அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உறுதிமொழிப் பத்திரம் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். இதற்கே நாள் பிடிக்கும், முதலில் இதைத் தொடங்குங்கள்.

எல்லா ஆவணங்களிலும் பெயர் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு ‘எச்’ கூடுதலாக இருந்தாலும் அலைச்சல்தான்.

அப்புறம், புதிய புத்தகத்தில் எண் மாறும். அது கைக்கு வந்தபிறகு விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.