தடுப்பூசிக்குப் பின் தீராத தோள்வலி: அமெரிக்காவில் இழப்பீடு கேட்பது எப்படி? (கேள்வி பதில்)

தடுப்பூசி போட்ட தோளில் மாதக்கணக்கில் வலி நீடித்தால் அமெரிக்கச் சட்டத்தில் இழப்பீடு உண்டு. இது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இவ்வகை மனுக்களுக்கு மருத்துவ ஆவணங்களைத் தொகுக்கும் சட்ட உதவியாளர் ஒருவர் பதில் தருகிறார். இது பொதுத் தகவல் மட்டுமே. உங்கள் தனி வழக்குக்கு வழக்கறிஞரைப் பாருங்கள்.

டல்லாஸ் வாசகி: அக்டோபரில் ஒரு மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டேன். அன்று இரவே வலி தொடங்கியது. இப்போது நான்கு மாதமாகிறது, தலை பின்னக்கூடக் கை எழவில்லை. டாக்டர் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார். ஊசியால் இப்படி ஆகுமா? கடை மேல் கேஸ் போடலாமா மேடம்?

ஆகும். ஊசி போட வேண்டிய இடம் தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலத்துக்குக் கீழே உள்ள டெல்டாய்ட் தசை. அதற்கு மேலே குத்திவிட்டால், தசைக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் பர்ஸா என்ற திரவப் பைக்குள்ளோ தசைநாண் பக்கமோ மருந்து போய்விடுகிறது. தசையில் கரைய வேண்டிய மருந்து அங்கே தங்கி அழற்சியைக் கிளப்புகிறது. வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிப்போகிறது. இதற்கு மருத்துவத்தில் 'சிர்வா' (SIRVA, தடுப்பூசி போடுவதால் வரும் தோள் காயம்) என்று பெயர். 2010-ல் 13 நோயாளிகளை ஆராய்ந்து வெளிவந்த மருத்துவக் கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் நிலைத்தது.

கடை மேல் நேரடியாக வழக்குப் போட முடியாது. 1986-ல் வந்த சட்டப்படி, பட்டியலில் உள்ள தடுப்பூசி என்றால் முதலில் தேசியத் தடுப்பூசிக் காய இழப்பீட்டுத் திட்டத்துக்குத்தான் போக வேண்டும். மனு தாக்கல் செய்யும் இடம் வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றம். எதிர்மனுதாரர் கடையோ மருந்துக் கம்பெனியோ அல்ல, அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர். ஒவ்வொரு டோஸிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி வசூலித்து ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். இழப்பீடு அதிலிருந்து வருகிறது. அதனால் ஊசி போட்டவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்கவே வேண்டாம். மக்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத சலுகை இது. நர்ஸ் என்ன தவறு செய்தார் என்று தேடி அலைவதில் நேரத்தை விடாதீர்கள்.

எடிசன் வாசகர்: அப்படியானால் எதை நிரூபிக்க வேண்டும்?

2017 மார்ச் 21 முதல் சிர்வா அதிகாரப்பூர்வக் காயப் பட்டியலில் இருக்கிறது. 2021-ல் அதை நீக்க ஒரு விதி வெளியாகி, நடைமுறைக்கு வருமுன்பே ரத்தானது. பட்டியலில் இருப்பதன் பலன் இதுதான்: நிபந்தனைகள் பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ஊசிக்கு முன் அந்தத் தோளில் வலியோ அழற்சியோ இயக்கக் குறைவோ இருந்ததாக, இப்போதைய பாதிப்பை விளக்கக்கூடிய வரலாறு இருக்கக் கூடாது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். கழுத்து நரம்பு அழுத்தம் போன்ற வேறு காரணம் இருக்கக் கூடாது.

இவற்றுக்கு மேல் ஒரு வாசற்படி உண்டு. பாதிப்பு ஊசி போட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து அறுவை சிகிச்சையும் நடந்திருந்தால் ஆறு மாதக் கணக்கு வேண்டாம்.

இந்த ஆறு மாத நிபந்தனையில் தோற்ற மனுக்கள் நிறைய. ஐந்தாம் மாதம் பிசியோதெரபி முடியும்போது, வலி பாதி மீதம் இருந்தும் "இப்போ பரவாயில்லை" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுகிறோம். தெரபிஸ்ட் "குணமானார்" என்று எழுதி முடித்துவிடுவார். வலி இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஏழாம் மாதம் ஒரு முறையாவது டாக்டரைப் பார்த்துக் கை எவ்வளவு உயர்கிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். இல்லாத வலியைச் சொல்லச் சொல்லவில்லை. இருப்பதை மறைக்காதீர்கள் என்கிறேன்.

ஃப்ரிமாண்ட் வாசகர்: தானாகச் சரியாகிவிடும் என்று மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு போனபோது டாக்டர் "சில வாரங்களாகத் தோள்வலி" என்று மட்டும் குறித்திருக்கிறார். ஊசி பற்றி ஒரு வரி இல்லை. என் கேஸ் போச்சா?

போகவில்லை, ஆனால் கடினமாகிவிட்டது. இந்த வழக்குகளில் அரசுத் தரப்பு முதலில் பிடிப்பது வலி தொடங்கிய தேதியைத்தான். மனுதாரர் சொல்லை மட்டும் வைத்து, வேறு ஆதாரம் இல்லாமல் இழப்பீடு தரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதே சட்டம், தொடங்கிய நேரம் மருத்துவக் குறிப்பில் விடுபட்டிருந்தாலும் தவறாக எழுதப்பட்டிருந்தாலும், மற்ற ஆதாரங்களைப் பார்த்து 48 மணி நேரத்துக்குள்தான் என்று முடிவு செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரமும் தருகிறது. அந்த மற்ற ஆதாரத்தைத் தேடுவதுதான் உங்கள் வேலை.

ஊசி போட்ட மறுநாள் மனைவிக்கோ நண்பருக்கோ "கை தூக்க முடியல" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கடைக்கு அனுப்பிய மின்னஞ்சல், டாக்டரின் இணைய வாயிலில் போட்ட குறிப்பு, ஜிம் சந்தாவை நிறுத்திய கடிதம் எல்லாம் உதவும். தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள், பழைய போனை மாற்றிவிடாதீர்கள். கூட இருந்து பார்த்தவர்கள் பிரமாணப் பத்திரம் தரலாம். "அவருக்கு ரொம்ப வலித்தது" என்று பொதுவாக எழுதினால் எடை குறைவு. எந்த நாள், எதைச் செய்ய முடியாமல் போனது என்று எழுத வேண்டும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது தேதியோடு முழு வரலாற்றைச் சொல்லி, முந்தைய குறிப்போடு சேர்க்கும்படி கேளுங்கள். எழுதிய குறிப்பை மாற்றித் தரும்படி நெருக்காதீர்கள், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். வழக்கறிஞரைப் பார்த்த பிறகு எழுதப்பட்ட வரிகளைவிட, சிகிச்சைக்காக முதலில் சொன்ன வரிகளுக்கே மதிப்பு அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போதுதான் சிகிச்சை தொடங்குபவர்கள் கவனியுங்கள். பிசியோதெரபி முதல் நாளில் தரும் படிவத்தில் "காயம் எப்படி, எப்போது" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விடாதீர்கள். "ஃப்ளூ தடுப்பூசி, இடது கை, இன்ன தேதி, அன்று மாலையே வலி" என்று எழுதுங்கள். வருடக் கணக்கில் நடக்கும் வழக்கில் அந்த ஒரு கட்டம் உங்களுக்காகப் பேசும்.

அட்லாண்டா வாசகி: எனக்கு ஊசி போட்டது இடது கையில். கடையின் பதிவில் வலது என்று இருக்கிறது.

இது அடிக்கடி நடப்பது. ஊசி போடும் முன்பே கணினியில் "வலது" என்று தட்டிவிடுவார்கள். நீதிமன்றத்துக்கும் இந்தப் பழக்கம் தெரியும். முதல் டாக்டர் சந்திப்பிலிருந்து எல்லாக் குறிப்பும் ஒரே சீராக இடது தோள் என்று சொன்னால், பெரும்பாலும் அதையே ஏற்பார்கள். கடையில் ரசீது மட்டும் வாங்காதீர்கள். எந்தக் கை, எந்த லாட் எண், தசையிலா என்பதெல்லாம் உள்ள ஊசிப் பதிவையும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தையும் கேளுங்கள்.

ஹூஸ்டன் வாசகர்: காலக்கெடு எவ்வளவு?

முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து 36 மாதம். டாக்டர் நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல, ஊசிதான் காரணம் என்று உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தும் அல்ல. சிர்வாவில் அறிகுறி இரண்டு நாளுக்குள் வருவதால், ஊசி போட்ட தேதியிலிருந்தே எண்ணுவது பாதுகாப்பு. மூன்றாம் ஆண்டின் கடைசி மாதத்தில் வந்தால் பல வழக்கறிஞர்கள் எடுக்க மாட்டார்கள், பதிவுகளை வரவழைக்கவே மாதங்கள் ஆகும்.

சிகாகோ வாசகி: ஷிங்கிள்ஸ் ஊசிக்கும் உண்டா அக்கா? கோவிட் ஊசிக்கு?

ஷிங்கிள்ஸ் இந்தத் திட்டத்தில் இல்லை. அதற்கு மாநில நீதிமன்றத்தில் சாதாரண வழக்குதான் வழி, அங்கே கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். பருவகால ஃப்ளூ, டெட்டனஸ் வகைகள், எம்.எம்.ஆர்., ஹெபடைட்டிஸ் ஏ, பி, எச்.பி.வி. போன்றவை திட்டத்துக்குள் வருகின்றன. நிமோனியா ஊசியில் கான்ஜுகேட் வகை உண்டு, பழைய 23 வகைப் பாலிசாக்கரைடு ஊசி இல்லை. எது போட்டார்கள் என்று பெயரைப் பாருங்கள்.

கோவிட் ஊசிக்குத் தனித் திட்டம். அதில் ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே ஆண்டுதான் கெடு. வலி வேதனைக்குப் பணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டணமும் தர மாட்டார்கள், நீதிமன்றத்தில் மேல்முறையீடும் இல்லை. ஒரே நாளில் ஒரே கையில் ஃப்ளூ, கோவிட் இரண்டும் போட்டிருந்தால் எது காரணம் என்ற தகராறு வரும். இரண்டு ஊசி போடுவதானால் கைக்கு ஒன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

சியாட்டில் வாசகர்: ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு இங்கே ஃப்ளூ ஊசி போட்டோம். விசிட்டர் விசாதான். அவர் மனு செய்யலாமா?

செய்யலாம். குடியுரிமை கேள்வியே இல்லை, ஊசி அமெரிக்க மண்ணில் போடப்பட்டதா என்பதே கேள்வி. அவர் ஊர் திரும்பினால் அங்கே எடுக்கும் எம்.ஆர்.ஐ., பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் தேதியிட்ட எழுத்துப் பதிவு வாங்கச் சொல்லுங்கள். நம் ஊரில் பல பிசியோதெரபி மையங்கள் ரசீது மட்டுமே தருவார்கள். கை எத்தனை டிகிரி எழுந்தது என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்க வேண்டும். சென்னையில் போட்ட ஊசிக்கு, அமெரிக்க அரசு ஊழியர், ராணுவத்தினர் போன்ற சில விதிவிலக்கு தவிர, இங்கே கேட்க முடியாது.

சார்லட் வாசகர்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் தானாகவே வரும் என்று தள்ளிவிடுவார்களா?

அப்படி வாதிடுவார்கள், தயாராக இருங்கள். சர்க்கரையால் வருவது பொதுவாகச் சிறிது சிறிதாகக் கூடும், தொடங்கிய நாளைச் சொல்ல முடியாது. ஊசியால் வருவது அந்த இரண்டு நாளுக்குள் திடீரென வருகிறது. உங்கள் கோப்பு அந்தத் திடீர்த் தொடக்கத்தைக் காட்டினால் சர்க்கரை தடையாகாது. ஊசிக்கு முந்தைய மூன்று ஆண்டுப் பதிவுகளையும் பொதுவாகக் கேட்பார்கள், எதையும் ஒளிக்காதீர்கள். வேறு தோளில் இருந்த பழைய வலி பிரச்சினையே இல்லை. வலி விரல் வரை மின்சாரம் போல் ஓடினால் மட்டும் நரம்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பட்டியல் நிபந்தனை பொருந்தாவிட்டாலும் மருத்துவ நிபுணர் சாட்சியோடு காரணத்தை நிரூபிக்கும் வழி உண்டு, பாரம் உங்கள் தலையில்.

டெட்ராய்ட் வாசகர்: வழக்கறிஞர் 33 சதவீதம் கேட்பாரா?

கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தத் திட்டத்தில் உங்கள் இழப்பீட்டிலிருந்து சதவீதம் எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. அவருடைய கட்டணத்தை நீதிமன்றம் நிர்ணயித்து நிதியிலிருந்து தருகிறது. மனு தோற்றாலும், நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்டிருந்தால் அவருக்குப் பணம் கொடுக்கலாம். அவர் ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், உங்கள் மாநிலத்தில் இருக்க வேண்டியதில்லை. நீங்களே வாதாடவும் முடியும். ஆனால் செலவில்லாமல் வழக்கறிஞர் கிடைக்கும்போது அது வேண்டாத சுமை.

சான் ஹோசே வாசகி: எவ்வளவு கிடைக்கும்? எத்தனை நாள் ஆகும்?

வலி வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், 1986 சட்டத்தில் வைத்த தொகை இன்றுவரை உயரவில்லை. அதைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். அறுவை சிகிச்சை இல்லாத வழக்குகளில் பெரும்பாலும் சில பத்தாயிரங்கள், அறுவை சிகிச்சை இருந்தால் ஒரு லட்சம் டாலரை ஒட்டியோ மேலேயோ போவதுண்டு. எத்தனை கார்டிசோன் ஊசி, எத்தனை தெரபி அமர்வு, பத்துக்கு எத்தனை வலி என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் டாக்டரிடம் போனீர்கள் என்பதையெல்லாம் ஒப்பிட்டுத் தொகை வைப்பார்கள். இடையில் ஏழெட்டு மாதம் சிகிச்சை இல்லையென்றால் தொகை இறங்கும். கைப்பணமாகக் கட்டிய மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் தனி, அவற்றுக்கு ரசீதும் சம்பளச் சீட்டும் வேண்டும்.

காலம் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு. மனு, ஆவணச் சரிபார்ப்பு, சுகாதாரத் துறை மருத்துவ ஆய்வு, பிறகு ஒப்புக்கொண்டால் தொகைப் பேச்சு, இல்லையேல் ஸ்பெஷல் மாஸ்டர் எனப்படும் நீதி அதிகாரியின் தீர்ப்பு. பேச்சிலேயே முடிபவை நிறைய. முடிவு வெளியாகும்போது உங்கள் பெயர் இணையத்தில் வரும், மறைக்க வேண்டுமானால் 14 நாளுக்குள் கேட்க வேண்டும்.

லண்டன் வாசகர்: இங்கே?

பிரிட்டன் திட்டத்தில் 60 சதவீத ஊனம் இருந்தால்தான் 1,20,000 பவுண்டு, இல்லையேல் ஒன்றுமில்லை. தோள்வலிக்கு அந்த அளவை எட்டுவது மிக அரிது.

டல்லாஸ் வாசகி: அடுத்த ஃப்ளூ ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது? பயமாக இருக்கிறது.

மற்றக் கையில் போடுங்கள். சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டாமல், ஸ்லீவை முழுக்க மடிக்கக்கூடிய சட்டை அணியுங்கள். கழுத்தை இழுத்தால் தோளின் மேல் பகுதி மட்டுமே தெரிகிறது, ஊசி அங்கேயே இறங்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது போடுபவர் நின்றபடி குத்தினாலும் அதே ஆபத்து, அவரையும் உட்காரச் சொல்லுங்கள். தோள் எலும்பு நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். இந்த மாதமே எலும்பு மருத்துவரைப் பார்த்து எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள், ஆறாம் மாதம் தாண்டி ஒரு சந்திப்பை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.