எட்டாம் வகுப்புப் பையன், துபாய் மாமா, ஜிடிஏ

கேள்வி: ஐயா, நாங்கள் திருமங்கலம் பக்கம். மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மதுரையில் ஒரு கடையில் கொடுத்து வீட்டு லேப்டாப்பில் ஜிடிஏ 5 ஏற்றி வைத்திருக்கிறான். ஒரு நாள் எட்டிப் பார்த்தால், நடுரோட்டில் ஓர் ஆளை இழுத்துப் போட்டுவிட்டு அவர் காரை எடுத்துக்கொண்டு போகிறான். ராத்திரியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு யாரிடமோ ‘அண்ணா, அண்ணா’ என்று பேசுகிறான். என் தம்பி துபாயில் இருக்கிறான். சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது மருமகனுக்கு பிஎஸ்5 என்ற பிளேஸ்டேஷன் கேம் மெஷின் வாங்கி வருகிறானாம். ஜிடிஏ 6 வந்ததும் அதுவும் உண்டு என்று வாக்குக் கொடுத்துவிட்டான். வீட்டுக்காரரோ, “இவன் ரவுடியாகத்தான் வருவான், லேப்டாப்பைத் தூக்கிப் போடு” என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: 13 வயதுக்கு இந்த கேம் வேண்டாம். லேப்டாப்பைத் தூக்கிப் போடவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கார் திருட்டைவிட அந்த ‘அண்ணா’தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இது என்ன கேம் என்று பார்த்துவிடுவோம். ஜிடிஏ என்றால் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ. அந்த வரிசையில் முதல் கேம் 1997-இல் வந்தது. ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் இருந்த டிஎம்ஏ டிசைன் என்ற கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனிதான் இன்று எடின்பரோவில் ராக்ஸ்டார் நார்த் என்ற பெயரில் இருக்கிறது. உங்கள் மகன் விளையாடும் ஜிடிஏ 5, 2013-இல் வந்து இதுவரை 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அதனால் பையன் ஏதோ தப்பான சகவாசத்தில் இதைப் பிடித்துக்கொண்டான் என்று நினைக்காதீர்கள். அவன் வகுப்பில் இந்தப் பெயரைக் கேள்விப்படாத பையன் இருந்தால்தான் அதிசயம். லாஸ் ஏஞ்சலீஸைப் பார்த்துச் செய்த லாஸ் சான்டோஸ் என்ற நகரம், அதில் மூன்று குற்றவாளிகள், அவர்கள் அடிக்கும் கொள்ளைகள், இதுதான் கதை. கதை பிடிக்கவில்லையா, விட்டுவிட்டு ஊர் சுற்றலாம். விமானம் ஓட்டலாம், டென்னிஸ் ஆடலாம், மலை உச்சியில் பைக்கை நிறுத்திச் சும்மா வேடிக்கை பார்க்கலாம். போலீஸ் கண்ணில் பட்டால் திரையின் மூலையில் நட்சத்திரம் ஏற ஆரம்பிக்கும், ஐந்து வரை. டியூஷன், ஹோம்வொர்க் என்று நாள் முழுக்க அடுத்தவர் சொன்னபடி நடக்கும் பையனுக்கு, யாரும் எதுவும் சொல்லாத ஒரு ஊர் கிடைக்கிறது. பெரும்பாலான பையன்களை இழுப்பது அதுதான்.

அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறேன்? இதன் டப்பாவில் ஐரோப்பிய நாடுகள் 18 என்றும் அமெரிக்கா 17 என்றும் அச்சடித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சினிமாவுக்கு இருப்பது போன்ற தணிக்கைச் சான்றிதழ் கேமுக்கு இங்கே இல்லாததால் நாம் அதைக் கவனிப்பதில்லை. கதையின் நடுவில் ஒரு சித்திரவதைக் கட்டம் வரும். கட்டிவைத்திருக்கும் ஆளை, எந்தக் கருவியால் வதைப்பது என்று விளையாடுபவரே தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும். கேம் வந்த நேரத்தில் வெளிநாட்டிலேயே கடுமையாகக் கண்டித்தார்கள். 2014-இல் ஆஸ்திரேலியாவின் இரண்டு பெரிய கடைத்தொடர்கள் இந்த கேமை விற்பதையே நிறுத்தின. நிர்வாண நடன கிளப், பாலியல் தொழில், போதை, வாக்கியத்துக்கு வாக்கியம் கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. அமெரிக்க வாழ்க்கையைக் கிண்டலடிக்கத்தான் இதெல்லாம் என்பார்கள். நிஜம்தான், கிண்டல் நன்றாகவே இருக்கும். எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கிண்டல் புரியாது, மற்றதெல்லாம் புரியும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் ரவுடி விஷயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால், பெரிதாக இல்லை. 2018-இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வெளியானது. பெரியவர்கள் சிலரை இரண்டு மாதம் தினமும் இதே ஜிடிஏ 5-ஐ விளையாட வைத்து, முன்னும் பின்னும் சோதித்தார்கள். முரட்டுத்தனம் கூடவில்லை. ‘பெரியவர்கள்’ என்பதைக் கவனியுங்கள், உங்கள் பையனுக்கு அது சான்றிதழ் ஆகாது. 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 1,000 பேரை எடுத்துப் பார்த்தார்கள். வன்முறை கேமுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் மட்டும் 2020-இல் கொஞ்சம் இழுத்துப் பேசியது: கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன முரட்டுத்தனத்தோடு லேசான தொடர்பு உண்டு, துப்பாக்கிச்சூடு மாதிரியான நிஜ வன்முறைக்குக் காரணம் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்றது. மதுரைக்காரர்களுக்கு இது புதிதா என்ன? நம் ஊர்ப் பேரைச் சொன்னாலே அரிவாளைத் தூக்கிக் காட்டும் படங்கள் எத்தனை வந்துவிட்டன! அதையெல்லாம் விசிலடித்துப் பார்த்தவர்கள் மறுநாள் காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்து வேலைக்குத்தான் போனார்கள்.

சரி, அந்த ‘அண்ணா’வுக்கு வருவோம். ஜிடிஏ 5-ஐ மூன்று விதமாக விளையாடலாம். ஒன்று, தனியாக விளையாடும் கதை. இரண்டாவது ஜிடிஏ ஆன்லைன், உலகம் முழுக்க இருப்பவர்களோடு சேர்ந்து விளையாடுவது. மூன்றாவதைப் பையன்கள் ‘ஆர்பி’ என்பார்கள். தனியார் சர்வர்களில் ஆளுக்கு ஒரு வேஷம்: ஒருவர் போலீஸ், ஒருவர் டாக்டர், ஒருவர் மெக்கானிக், ஒருவர் தாதா. எல்லோரும் மைக்கில் அந்த வேஷத்துக்கு ஏற்றபடி பேச வேண்டும். தமிழில் பேசும் ஆர்பி சர்வர்களும் இருக்கின்றன, அதை யூடியூபில் நேரலையாகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். பையன்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். நேர்மையாகச் சொன்னால் ஆர்பி ஒரு நல்ல கூத்து. நானே உட்கார்ந்து சிரித்துப் பார்த்திருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், அந்தப் பக்கம் பேசுபவருக்கு என்ன வயது, எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் பையனுக்கும் தெரியாது.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. கடையில் கொடுத்து ஏற்றியது என்கிறீர்கள். அப்படி ஏற்றுவது பெரும்பாலும் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. அதில் பொதுவாகக் கதை மட்டும்தான் ஓடும். ஜிடிஏ ஆன்லைனுக்குள் போகவும், ஆர்பிக்குப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்தும் ஃபைவ்எம் என்ற மென்பொருளை ஓட்டவும் காசு கொடுத்து வாங்கிய அசல் பிரதி வேண்டும். ஆகவே இரண்டில் ஒன்று நடக்கிறது. கதையை விளையாடிக்கொண்டே டிஸ்கார்டு மாதிரி ஒரு பேச்சு ஆப்பில் யாருடனோ இருக்கிறான். அல்லது அவனிடம் ஓர் அசல் கணக்கு இருக்கிறது, அதை யாரோ கொடுத்திருக்கிறார்கள் அல்லது விற்றிருக்கிறார்கள். டெலிகிராமில் இப்படிக் கணக்கு விற்பது சாதாரணம். அவற்றில் பல வேறொருவரிடம் திருடியவை.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எனக்கும் காட்டு” என்று கேம் ஆரம்பிப்பதைப் பாருங்கள். ராக்ஸ்டார் கேம்ஸ் லாஞ்சர் என்ற ஜன்னல் திறந்து, உள்ளே ஒரு கணக்கின் பெயர் தெரிந்தால் அசல். அது எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, யார் கொடுத்தது என்று கேளுங்கள். லாஞ்சர் எதுவும் வராமல் நேராக கேமுக்குள் போனால் உடைத்த பிரதியாகத்தான் இருக்கும். அப்போது இன்னொரு இடத்தையும் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். உடைத்த கேமை ஏற்றுபவர்கள் வைரஸ் தடுப்பு குறுக்கே வராமல் இருக்க, “இந்த ஃபோல்டரைப் பார்க்காதே” என்று இங்கேதான் எழுதிவைப்பார்கள். சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே எழுதியிருப்பார்கள். வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி. அதே லேப்டாப்பில் கரண்ட் பில் கட்டுகிறீர்களா, பேங்க் பாஸ்வேர்டை பிரவுசரில் சேமித்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் முதல் வேலையாக உங்கள் போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அப்புறம் லேப்டாப்பில் இருக்கும் படங்கள், ஆவணங்களை நகல் எடுத்துவிட்டு விண்டோஸைச் சுத்தமாக மறுபடி போடச் சொல்லுங்கள், வேறு கடையில். கேமும் அதோடு போய்விடும், அதற்கென்று தனியாகச் சண்டை போட வேண்டியதில்லை.

‘அண்ணா’வைப் பற்றிக் கேட்கும்போது போலீஸ் விசாரணை மாதிரி கேட்காதீர்கள். “அந்த அண்ணா நம்ம ஊரா? உன் போட்டோ, ஸ்கூல் பேர் ஏதாவது கேட்டாரா? கார் வாங்க, சர்வரில் முதலில் நுழைய என்று காசு கேட்டாரா?” இது போதும். சில சர்வர்களில் வரிசையில் நிற்காமல் நுழைய மாதக் கட்டணம் உண்டு. ஜிடிஏ ஆன்லைனிலும் ஷார்க் கார்டு என்று நிஜக் காசுக்கு விளையாட்டுக் காசு விற்கிறார்கள். உங்கள் யுபிஐ பின் பையனுக்குத் தெரியுமென்றால் இன்றைக்கே மாற்றுங்கள். காசு போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். படம் அனுப்பச் சொன்னார், தனியாக வரச் சொன்னார் என்று தெரிந்தால் சைல்டுலைன் 1098. எதையும் அழித்துவிடாதீர்கள், அந்த உரையாடல்தான் சான்று.

தம்பி விஷயம். துபாயில் இருப்பவர் முப்பதைத் தாண்டியவர் என்றால், அவர் சின்ன வயதில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் வைஸ் சிட்டி விளையாடியிருப்பார் என்று பந்தயமே கட்டலாம். ஜிடிஏ வரிசையில் 2002-இல் வந்த கேம். கீபோர்டில் சீட் கோடு அடித்து டாங்கியை வரவழைத்து ஊரைக் கலக்கிய தலைமுறை அது. “நாங்க விளையாடலையா, கெட்டா போயிட்டோம்?” என்று கேட்பார். அன்றைக்கு மனிதர்கள் மரப்பாச்சி மாதிரி இருந்தார்கள், மைக் கிடையாது, பக்கத்து நாற்காலியில் இருந்தது தெரிந்த பையன், காசு தீர்ந்தால் கடைக்காரர் எழுப்பிவிடுவார். இந்த நாலும் இப்போது இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

ஜிடிஏ 6-ஐ 2026 நவம்பர் 19-இல் வெளியிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். இரண்டு முறை தள்ளிப்போட்ட பிறகு சொன்ன தேதி. அறிவிப்பில் இருப்பது பிஎஸ்5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸும்தான், கம்ப்யூட்டர் இல்லை. அதனால் லேப்டாப்புக்கோ போனுக்கோ ஜிடிஏ 6 என்று வரும் எந்த லிங்க்கும் மோசடி. ஜிடிஏ 5-க்கே போனில் ஓடும் அதிகாரபூர்வப் பதிப்பு கிடையாது. அந்தப் பெயரில் வரும் ஏபிகே ஃபைல்களையும் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) தொடவேண்டாம் என்று பையனிடம் சொல்லிவையுங்கள்.

பிஎஸ்5 வரட்டும், அதில் தப்பில்லை. ஜிடிஏ மட்டும் இப்போதைக்கு வேண்டாம். “மாமா கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது, நீ பெரியவன் ஆனதும் வாங்கித் தருவார்” என்று சொல்லலாம். என் கருத்தைக் கேட்டால், பதினாறு, பதினேழில் கதையை மட்டும், ஹாலில் வைத்து, என்று ஆரம்பிக்கலாம். டப்பாவில் 18 என்றுதான் இருக்கிறது, அதற்குமேல் உங்கள் விருப்பம். அதுவரைக்கும் ஊர் சுற்ற வேண்டுமென்றால் ஃபோர்ஸா ஹொரைஸன் 5 என்ற கார் கேம் இருக்கிறது. ஐரோப்பிய மதிப்பீட்டில் 3 வயதிலிருந்தே ஆடலாம், பிஎஸ்5-க்கும் வந்துவிட்டது. போனில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் நம் அரசு பஸ் பெயின்ட்டைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் பையன்கள் ஏராளம். ஜிடிஏ கேட்ட பையன் இதைப் பார்த்து முதலில் முகத்தைச் சுளிப்பான், இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

கேமை நிறுத்தினால் கோபப்படுவான், அது இயல்பு. தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் கெட்ட பிறகும் நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் நீண்டால் அது வேறு. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. ராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம், அல்லது 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் பேசலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த நிலை தெரியவில்லை.

கடைசியாக, தம்பி விமானம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் முடிக்க வேண்டிய ஒன்று. பாசத்தில் அவரே துபாயில் கணக்குத் திறந்து, எல்லாம் தயாராக வைத்துக் கொண்டுவருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளேஸ்டேஷன் கணக்கில் நாட்டைப் பின்னால் மாற்ற முடியாது. எமிரேட்ஸ் கணக்கில் நம் ஊர்க் கார்டும் ஓடாது. இந்தியா என்று போட்டு உங்கள் பெயரில் பெரியவர் கணக்கு ஒன்று திறந்து, அதற்குள் பையனுக்கு, நிஜப் பிறந்த தேதியைக் கொடுத்து, குழந்தைக் கணக்கு திறங்கள். ஃபேமிலி மேனேஜ்மென்ட் என்ற இடத்தில் வயது வரம்பு, மாதச் செலவு வரம்பு, விளையாடும் நேரம், அந்நியர்களோடு பேசலாமா என்ற நாலும் இருக்கும். வயது வரம்பைப் போட்டுவிட்டால் நண்பனிடம் டிஸ்க் இரவல் வாங்கிச் சொருகினாலும் அவன் கணக்கில் ஓடாது. செலவு வரம்பைப் பூஜ்யத்தில் வையுங்கள். பாஸ்கோடு போடும்போது பையன் பிறந்த வருடத்தைப் போட்டுவிடாதீர்கள், எல்லா வீட்டிலும் அதைத்தான் போடுகிறார்கள்.