எண்ணெய்ப் பணம் இருந்தால் ஃபீஸ் குறையுமா?

கேள்வி: மகனுக்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. “அது அரசு நிலமானியப் பல்கலைக்கழகம், எண்ணெய்ப் பணம் கொட்டுகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து உள்ளூர்க்காரர் ஃபீஸ்தான், வேவர் (ஃபீஸ் சலுகை) நாங்கள் வாங்கித் தருகிறோம்” என்று சொல்லி ஒரு கன்சல்டன்சி 75,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

நிலமானியம் என்பது பழைய கதை. 1862-இல் அமெரிக்க மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் விவசாயமும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரி நடத்தச் சொன்னது. ஏ அண்ட் எம் அப்படி வந்தது. அதனால் ஃபீஸில் ஒரு டாலர்கூடக் குறையாது.

எண்ணெய்ப் பணம் உண்மைதான். மேற்கு டெக்சாஸில் பல்கலைக்கழக நிதிக்கென்று மாநிலம் ஒதுக்கிய சுமார் 21 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது, அதில் 1923-இல் எண்ணெய் கிடைத்தது. அந்த நிதியின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஏ அண்ட் எம் அமைப்புக்கு, மீதி யு.டி. (யுனிவர்சிட்டி ஆஃப் டெக்சாஸ்) அமைப்புக்கு. அதுவும் பெரும்பாலும் கட்டடம், கடன் பத்திரம், வளாக மேம்பாடு என்று போய்விடும்.

உங்களுக்கு வரும் பில்லில் இரண்டு முக்கியப் பகுதிகள். ஒன்று சட்டம் வகுத்த ட்யூஷன்: உள்ளூர்க்காரருக்கு, அதாவது டெக்சாஸ்வாசிக்கு, ஒரு கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) 50 டாலர். வெளியாருக்கு, டெக்சாஸ் தவிர மக்கள்தொகை அதிகமுள்ள ஐந்து மாநிலங்களில் வெளியாரிடம் வாங்கும் ட்யூஷனின் சராசரியைப் பார்த்து ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறார்கள். கலிஃபோர்னியா ஏற்றினால் உங்கள் பில்லும் ஏறும்! இரண்டாவது, 2003 முதல் பல்கலைக்கழகத்தின் ரீஜென்ட் குழுவே (நிர்வாகக் குழு) நிர்ணயிக்கும் ட்யூஷன். ஓட்டுரிமையுள்ள 9 ரீஜென்ட்டுகளை ஆளுநர் நியமிக்கிறார், பதவிக்காலம் ஆறு ஆண்டு. சட்டமன்றம் வழக்கமாகக் கூடுவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 140 நாள். “நாங்கள் ஏற்றவில்லை” என்பார்கள் சட்டமன்றத்தில். “அவர்கள் பணம் தரவில்லை” என்பார்கள் குழுவில். பில் மட்டும் தவறாமல் வந்துவிடும்.

இனி வேவர். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் எத்தனை வருடம் இருந்தாலும் உள்ளூர்க்காரர் ஆக முடியாது. வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் காட்டி ஆக்கித் தருகிறேன் என்பது மோசடி. வெளியாராக இருந்துகொண்டே உள்ளூர் ஃபீஸ் கட்ட நேர்வழி இரண்டு உண்டு. ஒன்று, படிப்போடு தொடர்புள்ள டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) அல்லது ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை, குறைந்தது அரைநேரம், அதாவது வாரம் 20 மணி. 19 மணி என்றால் இல்லை.

மற்றது போட்டி உதவித்தொகை. இதில்தான் ஏஜென்ட்டுகள் விளையாடுகிறார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை கிடைத்தால் உள்ளூர் ஃபீஸ் என்பது சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதைப் பல்கலைக்கழகம் அங்கீகரித்த உதவித்தொகைக் குழுதான், டெக்சாஸ் மாணவர்களும் சேர்ந்து போட்டியிட்ட தேர்வில், கொடுத்திருக்க வேண்டும். ஏஜென்ட்டே ஒரு டிரஸ்ட் பெயரில் 1,000 டாலர் செக் கொடுத்தால் செல்லாது. அது உங்கள் பணத்திலிருந்து உங்களுக்கே வருவது. முந்தைய ஆண்டு அதே பருவத்தில் படித்தவர்களின் எண்ணிக்கையில் 5 சதவீதத்துக்கு மேல் இந்தச் சலுகை தரக்கூடாது என்ற உச்சவரம்பும் இருக்கிறது. எனவே “கேரன்டி” என்று எவரும் சொல்ல முடியாது.

துறையின் முதுநிலை ஆலோசகருக்கு மகனையே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்: இந்தத் துறையில் எம்.எஸ். மாணவருக்கு 20 மணி வேலை கிடைக்கிறதா, உதவித்தொகைக் கடைசி நாள் எது, வேவர் அடுத்த ஆண்டும் தொடருமா? செலவில்லை. வங்கிக் கடனை இரண்டு ஆண்டுக்கும் வெளியார் ஃபீஸில் கணக்கிடுங்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் இருப்பது முதல் ஆண்டு மதிப்பீடு மட்டுமே.