தாய்ப்பால் ஆலோசகர் என்பவர் யார்? பிரசவ வார்டில் அவருக்கு என்ன வேலை?

குழந்தை பெற்ற தாய்க்குப் பால் கொடுக்கப் பக்கத்தில் இருந்து கற்றுத்தருபவர்தான் தாய்ப்பால் ஆலோசகர். மருந்து எழுதுவது அவர் வேலை இல்லை. குழந்தையை எப்படிப் பிடிக்கிறார்கள், அது மார்பை எப்படிப் பற்றுகிறது என்று பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

இதற்கெல்லாம் ஓர் ஆளா என்று தோன்றலாம். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால்தான், அதுவும் கொஞ்சமாகத்தான் சுரக்கும். நஞ்சுக்கொடி வெளியேறியபின் ஹார்மோன் அளவு மாறி, பால் பெருக அத்தனை நாள் பிடிக்கும். குழந்தையின் வயிறும் அப்போது மிகச் சிறியது. ஆனால் சரியாக அந்த நேரத்தில்தான் யாராவது ஒரு சொந்தக்காரர் "பாலே இல்லையே, பவுடர் கரைத்துக் கொடு" என்பார். டாக்டர் சொன்னால் அது வேறு விஷயம். மற்றபடி, புட்டியில் பசி அடங்கினால் குழந்தை மார்பில் உறிஞ்சுவது குறையும். அது குறைந்தால் சுரப்பும் குறையும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்களே, அதே கணக்கு. அதனால்தான் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுக்கச் சொல்கிறோம், இரவிலும்.

அப்புறம் வலி. குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகும். வாயை அகலத் திறந்து, சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பற்ற வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் தையலில் படாமல், குழந்தையைப் பக்கவாட்டில் கைக்கு அடியில் வைத்துக் கொடுக்கலாம்.

குழந்தை அழுதாலே பால் போதவில்லை என்று நினைக்கிறார்கள். முதல் வாரம் கடந்தபின் தினமும் 6 முறையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்றுதான் அர்த்தம்.