விடுபட்ட மூன்று வருடங்கள்

அன்புள்ள ஐயா,

நான் வடசென்னையில் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. வீட்டுக்கு அருகிலிருந்த அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல், பிறகு உயிர்த்தகவலியலில் முதுகலை. இப்போது கணினிசார் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். காசநோய்க் கிருமிகளில் மருந்துக்கு அடங்காத வகைகளை மரபணுத் தொடர்களைக் கொண்டு கண்டறியும் வேலை. உடன் இருப்பவர்கள் பொறியியலோ கணிதமோ படித்தவர்கள். என் பின்னணியைக் கேட்டாலே கூசுகிறது. ஆய்வகத்தின் அறிமுகப் பக்கத்தில் முதுகலையிலிருந்துதான் போட்டிருக்கிறேன். இத்துறை பற்றித் தமிழில் எழுத ஆசை. கலைச்சொற்களுக்கு என்ன செய்வது? ஆங்கிலத்தில் தேறிய பின்தான் எழுத வேண்டுமா?

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

கலைச்சொல்லுக்கு அகராதி இருக்கிறது. அதில் இல்லையென்றால் புழங்கும் சொல்லையே வையுங்கள். ஆங்கிலம் ஆய்வேடு எழுத எழுத வந்துவிடும். இந்த இரண்டைப் பற்றியும் எனக்கு வேறு கருத்து இல்லை. அந்த அறிமுகப் பக்கம்தான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது.

யாருக்குப் பயந்து மூன்று வருடத்தை அழித்தீர்கள்? உங்கள் துறையையும் அதை ஒட்டிய துறைகளையும் வளர்த்தவர்களில் யார் ஒரே வழியில் வந்தவர்? 1965இல் புரதத் தொடர்களை அட்லஸாகத் தொகுத்த மார்கரெட் டேஹாஃப் முனைவர் பட்டம் வாங்கியது குவாண்டம் வேதியியலில். அமினோ அமிலங்களுக்கு நீங்கள் தினமும் போடும் ஓரெழுத்துக் குறிகள் அவர் தந்தவை. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவரான பிறகு, உயிரியல் படிக்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். ஜி. என். ராமச்சந்திரன் பெங்களூருக்கு மின்பொறியியல் படிக்கப் போய் இயற்பியலுக்கு மாறியவர். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் வெளியிட்ட வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள். இவர்களெல்லாம் பின்னால் தேடிப் போன உயிரியல் உங்களுக்குப் பதினேழு வயதிலேயே வாய்த்திருக்கிறது. அதைத்தான் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

விலங்கியல் செய்முறை வகுப்பில் கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்து எடுத்திருப்பீர்கள். புத்தகத்தில் அழகாக இருந்தது கையில் கிழிந்தும் கோணியும் வந்திருக்கும். ரெக்கார்டு நோட்டில் மட்டும் புத்தகப் படத்தையே வரைந்து கையெழுத்து வாங்கியிருப்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும்! ஆனால் உயிர் படத்தைப் போல இருக்காது என்பது அன்றைக்கே விரலுக்குப் புரிந்திருக்கும். உங்கள் கணினிக்கு வரும் தொடரும் யாரோ ஒருவர் காறித் துப்பிய சளியிலிருந்து வந்ததுதானே? காசநோய்க் கிருமியின் மரபணுத் தொடரில் உள்ள சுமார் 44 லட்சம் எழுத்துகளில் ஓரெழுத்து மாறியிருந்தால், அது கிருமியில் நேர்ந்த மாற்றமா, கருவியின் பிழையா, இரண்டு வகைக் கிருமிகள் கலந்துவிட்டனவா என்ற சந்தேகம் பூச்சியை அறுத்துப் பார்த்தவனுக்கு முதலில் வரவேண்டும்.

என் அத்தை ராயபுரத்தில் இருந்தார். காசநோய். ரிஃபாம்பிசின் கொடுத்தார்கள். அந்த மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும், அதனால் கெடுதல் இல்லை. மருந்து கொடுத்த இடத்தில் இதை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. ரத்தம் போகிறது என்று பயந்து, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் கண்டுபிடித்து, திட்டித் தீர்த்து, மறுபடி விழுங்க வைத்தார். அத்தை பிழைத்துக்கொண்டார். பாதியில் நிறுத்தும் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அடங்கும் கிருமிகள் செத்து, அடங்காதவை பெருகும். பிறகு அவையே இருமலோடு அடுத்த வீட்டுக்கும் போகும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் பெரும்பாலானவற்றின் மாற்றம் ஒரு மரபணுவின் 81 எழுத்து நீளப் பகுதிக்குள் இருப்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் அட்டவணையில் 'சிகிச்சை இடைநின்றது' என்று ஒரு கட்டம் இருந்தால், அதற்குள் இருப்பது என் அத்தை போன்றவர்கள்.

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான், நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே அளவுக்குக் குணமாகும் என்று காட்டியது. அதில் பங்கெடுத்தவர்கள் நெரிசலான வீடுகளில் அரைவயிற்றோடு இருந்த இந்நகரத்து ஏழைகள். சளியைக் கொடுத்த ஊர் ஆய்வாளனைக் கொடுக்கக் கூடாதா?

இதைப் படித்துவிட்டு வறுமையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அது இன்னும் மோசம். நிரலில் பிழை இருந்தால் வியாசர்பாடி வந்து காப்பாற்றாது. புள்ளியியல் போதவில்லையென்றால் உட்கார்ந்து படியுங்கள். கூச்சப்பட வேண்டுமென்றால் அதற்குப் படுங்கள்.

தமிழில் முதல் கட்டுரையாக அந்தச் செம்மஞ்சள் சிறுநீரைப் பற்றி எழுதுங்கள், மாத்திரையோடு மடித்துக் கொடுக்கக்கூடிய நீளத்தில். எனக்கு அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன். கீழே உங்களைப் பற்றிய குறிப்பில் விலங்கியலும் கல்லூரியின் பெயரும் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.