காத்திருக்கலாமா, பரிசோதிக்கலாமா?

கேள்வி: மகனுக்கு இரண்டு வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் சுட்டிக்காட்டுவதில்லை. ‘ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்’ என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள்; கேட்காத குழந்தையும் கூப்பிட்டால் திரும்பாது. கூடவே குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் முன்பதிவு செய்யுங்கள். இவை ஆட்டிசத்தின் (பிறரோடு பழகுவதையும் பேச்சையும் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடு) அறிகுறிகளாகவும் இருக்கலாம்; அதைப் பார்க்க 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ‘எம்-சாட்-ஆர்’ என்ற 20 கேள்விப் படிவம் உண்டு. அது வடிகட்டல் மட்டுமே, முடிவு அல்ல. ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையைக் கவனித்தும் உங்களிடம் விரிவாகக் கேட்டும்தான் முடிவுசெய்வார்கள்.

புது இடத்தில் குழந்தை வீட்டில் இருப்பதுபோல் இருக்காது. ஆகவே விளையாடும்போது, சாப்பிடும்போது, பெயர் சொல்லி அழைக்கும்போது இரண்டு நிமிட வீடியோக்கள் எடுத்துச் செல்லுங்கள். முதல் சிரிப்பு, நடை, முதல் சொல் எந்த மாதத்தில் என்றும், பேசிய சொற்கள் நின்றுபோயினவா என்றும் எழுதிவையுங்கள். சொற்கள் நின்றுபோயிருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

அறிக்கை வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். பலர் இங்கேதான் மாதங்களை இழக்கிறார்கள். ‘முழுமையாகக் குணமாக்குகிறோம்’ என்று மருந்து விற்பவர்களை நம்பாதீர்கள்.