கிறிஸ்தவத்தில் ‘மறுரூபமாகுதல்’ என்றால் என்ன?

பைபிளில், ரோமாபுரி சபைக்கு எழுதிய கடிதத்தில் (ரோமர் 12:2) அப்போஸ்தலர் பவுல் சொல்லும் ‘மறுரூபமாகுங்கள்’ என்பதற்கு எளிய பொருள், உள்ளிருந்து தொடங்கி ஆள் முழுவதும் மாறுவது. மத்தேயு 17-இல் மலைமேல் இயேசு ‘மறுரூபமானார்’, அவர் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்தது என்று வருகிறதே, அந்த ‘மறுரூபமானார்’ என்பதற்கும் கிரேக்கத்தில் இதே வினைச்சொல்தான்.

ஏன் ‘முழுவதும்’? முந்தைய வசனத்தில் பவுல் கேட்பது சரீரத்தை, இங்கே மனதை. ஆத்துமா மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்விட்டு வருவது அவர் கணக்கில் இல்லை. எரிகோவின் வரி வசூலிப்பவன் சகேயுவைப் பாருங்கள். மனம் மாறியதும் அவன் பேசியது ஜெபத்தைப் பற்றி அல்ல, பணத்தைப் பற்றி: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப. (எனக்கு லூக்கா 19-இல் மிகவும் பிடித்த இடம் இது.)

வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவோமே, அதுபோல. ராத்திரி ஒரு ஸ்பூன் மோர். காலையில் பாத்திரத்தைச் சாய்த்தால் அசையாது. மேலே தயிர், அடியில் பால் என்று இருக்காது. ஆனால் உறைய நேரம் வேண்டும்.

‘மாறியவர் இனி தவறே செய்யமாட்டார்’ என்று பலர் நினைக்கிறார்கள். பவுலே பிலிப்பியர் 3:12-இல், தான் இன்னும் முழுமை அடைந்தவன் ஆகவில்லை, தொடர்ந்து ஓடுகிறேன் என்றுதான் எழுதுகிறார்.